இருபத்தேழு வயதில் நின்ற குரல்

(இரண்டாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மாணவர் பேரவையில் கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான். பரீட்சைத் தாளைத் தவிர வேறு எதிலும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் ஒரு கடன் கிடக்கிறது. அவர் பெயர் எஸ்.ஜி. கிட்டப்பா. அது ஏன் கடன் ஆச்சு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான். வெற்றிலைக்குப் பேர் போன ஊர். 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்க அப்பா கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளுகிறவர். குறியீடு வந்ததால் அவருக்குக் கூலி ஏறவில்லை, அது வேற கதை. வைகையைத் தாண்டி அக்கரைக்குப் போனால் தென்கரை. அதுதான் நடிகர் டி.ஆர். மகாலிங்கத்தின் ஊர். எங்க பக்கத்தில் ஐம்பது வயசு தாண்டின யாரிடம் கேட்டாலும் மகாலிங்கம் பாட்டு ஒன்றையாவது முணுமுணுத்துக் காட்டுவார்கள். நானும் சின்ன வயதில் மகாலிங்கத்தைவிடப் பெரிய பாட்டுக்காரர் உலகத்திலேயே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். எங்க தாத்தாதான் அதைத் திருத்தினார். மகாலிங்கம் கிளைடா, வேர் செங்கோட்டையில இருக்கு என்பார்.

தாத்தா ரேடியோ செட்டுக்காரர். சொந்தமாக செட் கிடையாது, ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு இருந்தார். கல்யாணம், காதுகுத்து, வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா, எது வந்தாலும் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவர் வேலை. கீழே உட்கார்ந்து ரெக்கார்டு போடுவதும் அவரேதான். கேசட் வந்த பிறகு முதலாளி பழைய பிளேட்டுகளை எல்லாம் கழித்துக்கட்டினார். அதில் பதினொரு பிளேட்டைத் தாத்தா ஒரு தகரப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பதினொன்றில் மூன்று கிட்டப்பா.

சரி, மனிதரின் கதைக்கு வருகிறேன்.

கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25 அன்று செங்கோட்டையில் பிறந்தார். செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956-இல்தான் நம்ம பக்கம் வந்து சேர்ந்தது. அப்பா கங்காதர ஐயர், அம்மா மீனாட்சி அம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கிட்டன், கிட்டப்பா என்று கூப்பிட்ட பெயரே நிலைத்துவிட்டது. வீட்டில் வறுமை. பிள்ளைகளோ நிறைய. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பையன்களுக்கு ஒரு வழி இருந்தது. நாடகக் கம்பெனியில் சேர்ந்தால் மூன்று வேளை சோறு நிச்சயம். குரல் நன்றாக இருந்தால் சம்பளமும் உண்டு. கிட்டப்பாவின் அண்ணன்மார் முன்னால் போனார்கள், இவர் பின்னால் போனார். நாம் அரிச்சுவடி எழுதிய வயதில் அவர் மேடை ஏறிவிட்டார். பள்ளிக்கூடம் என்பது அவருக்கு வாய்க்கவே இல்லை.

அவருக்குக் கிடைத்த வாத்தியார் மட்டும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தமிழ் நாடகத்தின் தந்தை என்று இன்றைக்கும் கொண்டாடப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்! சுவாமிகள் 1910-இல் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில்தான் கிட்டப்பா சகோதரர்கள் பயிற்சி பெற்றார்கள். அதே சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபை ஒன்று நிறுவினார் என்பதும், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள் என்பதும் நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். மதுரையில் இன்றும் நாடக நடிகர்கள் சுவாமிகளின் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குகிறார்கள்.

கிட்டப்பா முறையாக ஒரு சங்கீத வித்வானிடம் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர் இல்லை என்கிறார்கள். காதால் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உட்கார, தம்பி பாட, அப்படித்தான் அந்தக் குரல் வளர்ந்தது. பிறகு சி. கன்னையா கம்பெனிக்குப் போனார். கன்னையா கம்பெனி என்றால் பிரம்மாண்டம். அவர்களுடைய தசாவதாரம் நாடகம் ஊர் ஊராகப் பேசப்பட்டது. காட்சி ஜோடனையைப் பார்க்க வந்த கூட்டம் பாதி, கிட்டப்பா பாட்டைக் கேட்க வந்த கூட்டம் பாதி. 1924-இல் கிட்டம்மாளோடு திருமணம் நடந்தபோது அவருக்கு என் வயதுதான். 18-இல் எனக்கு பஸ் பாஸ் புதுப்பிக்கவே தடுமாற்றம். அவர் பெயரைப் போட்டால் அன்றைக்குக் கொட்டகை நிறைந்துவிடும்!

இங்கே துறை சார்ந்து ஒரு விஷயம் சொல்ல ஆசை. அன்றைய நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை வரை நாடகம் ஓடும். கடைசி வரிசையில் மண்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான், அவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். கச்சேரி மேடையில் ஆண்கள் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவார்கள். கிட்டப்பா ஐந்து கட்டைக்கு மேலே நின்று பாடினார். சும்மா கத்துவது இல்லை. அந்த உயரத்தில் நின்றுகொண்டு பிருகாக்களை மணி மணியாக உதிர்க்க வேண்டும், வார்த்தையும் சிதையக் கூடாது. மனிதக் காது கீழ் சுருதியைவிட நடுத்தர, உயர்ந்த அதிர்வெண்களைத்தான் கூர்மையாகப் பிடிக்கும் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். பள்ளிக்கூடம் போகாத அந்த நாடகக்காரர்கள் அதைத் தொண்டையாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

1926-இல் இலங்கையில் நாடகம். அங்கே இன்னொரு பெரிய குரல் ஏற்கெனவே புகழோடு இருந்தது. கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்த பிள்ளை அவர். இரண்டு பேரும் வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியுமாக நின்றால் ஒருவர் மற்றவரை விட்டுக்கொடுக்காமல் தர்க்கம் பாடுவார்கள். சனங்களுக்குக் கொண்டாட்டம். மேடையில் தொடங்கியது வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1927-இல் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு பேருமாக நடத்திய நாடகங்கள் தமிழ்நாடு முழுக்க ஓடின. இருவரும் காங்கிரஸ் பற்றாளர்கள், புராண நாடகத்துக்கு நடுவிலேயே தேசியப் பாட்டையும் சேர்த்துப் பாடிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் குடும்பம் நிலைக்கவில்லை. குழந்தை பிறந்து தங்காமல் போனது. மனத்தாங்கல் வந்தது. பிரிந்தார்கள். சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்களைப் பின்னாளில் பலரும் படித்துக் கண் கலங்கியிருக்கிறார்கள். எனக்குக் கிட்டப்பா என்றால் உயிர்தான், ஆனாலும் இந்த இடத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பெண்கள் அவரை நம்பி இருந்தார்கள். சுந்தராம்பாளின் கண்ணீரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். கிட்டம்மாள் என்ன பாடு பட்டிருப்பார் என்று எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. அப்பத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது முதலில் அவர் கேட்டதே அந்த மூத்தவளுக்கு என்ன ஆச்சு என்பதைத்தான்.

பிரிவு, ஓயாத ராத்திரி நாடகம், அதோடு மதுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது என்கிறார்கள். உடம்பு தாங்கவில்லை. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா கண் மூடினார். வயது 27. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931-இலேயே வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் சினிமா அவரை விட்டிருக்காது. அவர் ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. விடிய விடியப் பாடிய அந்த நாடகங்கள் கொட்டகையோடு கலைந்தன. மிச்சம் இருந்தது கிராமபோன் தட்டுகள் மட்டும்.

அந்தத் தட்டைப் பற்றி நம் மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அது பிளாஸ்டிக் இல்லை. மரத்தில் பூச்சி வைக்கும் அரக்கைக் கல்தூளோடு கலந்து அழுத்திச் செய்தது. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நிமிஷத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம், அவ்வளவுதான் இடம். கரண்ட் தேவையில்லை. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் சுற்றும். ஊசி பள்ளத்தில் ஓடி அதிரும். அந்த அதிர்வு மைக்கா தகட்டை ஆட்டும். குழாய் அதைப் பெரிதாக்கும். 1908-இல் கல்கத்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்த பிறகுதான் இது நம் நாட்டில் பரவியது, அதற்கு முன்னால் ஜெர்மனியில் அச்சிட்டுக் கப்பலில் வந்தது. நாடகத்தில் ஒரே பாட்டை அரை மணி நேரம் விரித்துப் பாடுகிற மனிதர், இங்கே மூன்று நிமிஷத்துக்குள் ராகம், பாட்டு, பிருகா எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும். தியாகராஜரின் எவரனி கீர்த்தனையை அவர் பாடிய தட்டைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவசரமே தெரியாது. ஆனால் ஒரு நொடியைக்கூட வீணாக்கியிருக்க மாட்டார்.

அவர் போன பிறகு அந்தத் தட்டுகள் இன்னும் அதிகமாகத் தேடப்பட்டன. ஓட்டலில், கல்யாணப் பந்தலில், திருவிழாவில் என்று பல வருஷம் சுழன்றுகொண்டே இருந்தன. பிறகு கேசட்டானது, குறுந்தகடானது, இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. என் விடுதி அறைத் தோழன் ஒருவன் பஞ்சாபி ராப் பைத்தியம். சித்து மூஸ்வாலா 2022 மே 29 அன்று 28 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார், அடுத்த மாதமே அவருடைய புதுப் பாட்டு வெளிவந்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். அமெரிக்காவில் டூபாக் 1996-இல் 25 வயதில் சுடப்பட்டு இறந்த பிறகு பத்து வருஷம் புதுத் தொகுப்புகள் வந்துகொண்டே இருந்தன என்றும் அவன்தான் சொன்னான். எப்படி வருகிறது? ஸ்டூடியோவில் பாடி வைத்தது வெளியிடாமல் கிடக்கிறது, எடுத்து மெருகேற்றி விடுகிறார்கள். ஒருநாள் ராத்திரி அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். உங்க கிட்டப்பா செத்த பிறகு புதுசா என்ன வந்துச்சு, அதே பழைய தட்டைத்தானே திருப்பித் திருப்பிப் போட்டாங்க என்று கேட்டான். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. படுத்து யோசித்த பிறகுதான் வந்தது. புதுசா வந்தது மகாலிங்கம்!

தென்கரைப் பையனான மகாலிங்கம், கிட்டப்பா பாணியை அப்படியே தொண்டையில் வைத்திருந்தார். அதே உச்ச சுருதி, அதே பிருகா. ஏவி.எம். எடுத்த நந்தகுமார் (1938) படத்தில் சிறுவனாக அறிமுகமானார். 1945-இல் ஸ்ரீவள்ளி. முருகனாக வந்த மகாலிங்கம், கிட்டப்பா மேடையில் பாடிப் புகழ் பெற்ற சங்கரதாஸ் சுவாமிகளின் காயாத கானகத்தே பாட்டைத் திரையில் பாடினார். கிட்டப்பா இறந்து அப்போது 12 வருஷம். கொட்டகையில் இருந்த வயசானவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டில் மூன்று நிமிஷமாகச் சுருங்கிக் கிடந்த குரல் திரையில் கை காலோடு நடந்து வந்த மாதிரி இருந்திருக்கும். 1947-இல் நாம் இருவர் படமும் வந்து அவரை உச்சத்தில் வைத்தது. பிறகு சொந்தமாகப் படம் எடுத்தார். மச்சரேகை, சின்னதுரை என்று வரிசையாக எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். 1958-இல் கண்ணதாசன் எடுத்த மாலையிட்ட மங்கைதான் அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது.

சுந்தராம்பாளும் ஒரு வகையில் கிட்டப்பாவின் பாட்டைத் தொடர்ந்தவர்தான். கணவர் போனபோது அவருக்கு 25 வயது. வெள்ளைச் சேலை உடுத்தினார், நகையைக் கழற்றினார், இனி ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவு கட்டினார். 1935-இல் நந்தனார் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு அந்தத் தொகை நாட்டையே வாய் பிளக்க வைத்தது. அதிலும் நாயகி வேஷம் இல்லை, நந்தனாராகவே நடித்தார். 1953-இல் ஔவையார். 1980-இல் மறையும்வரை அவர் வெள்ளைச் சேலையை மாற்றவில்லை.

1965-இல் திருவிளையாடல் வந்தது. நம்ம மதுரைக் கதை. அதில் ஔவையாராக சுந்தராம்பாள், பாணபத்திரராக மகாலிங்கம். கிட்டப்பாவின் மனைவியும் கிட்டப்பாவின் பாணியும் ஒரே படத்தில்! தாத்தா அதை மூன்று தடவை பார்த்தாராம். எல்லோரும் சிவாஜியைப் பார்க்க, இவர் மட்டும் மேடையில் இல்லாத மூன்றாவது ஆளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொல்லுவார். மகாலிங்கம் 1978-இல் மறைந்தார்.

இனி என் கடன். பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது வீட்டில் பணம் இல்லை. முதல் வருஷக் கட்டணம், விடுதி முன்பணம், டிராப்டர், லேப் கோட்டு, ஷூ. அப்பா கொடிக்கால் முதலாளியிடம் முன்பணம் கேட்டார், பாதிதான் கிடைத்தது. அந்த வாரம் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் தெருவில் வந்தார். பித்தளைக் குத்துவிளக்கு, மரப்பெட்டி என்று கேட்டுக்கொண்டே போனவர் தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பதினொரு தட்டுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய். தாத்தா பேரம் பேசவில்லை. ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். விற்காதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு ஷூ பெரிசாக இருந்தது.

அதில் எவரனி தட்டில் ஒரு கீறல் விரிசல் உண்டு. ஊசி அதைத் தாண்டும்போதெல்லாம் டக் என்று ஒரு சத்தம் வரும். சுற்றுக்கு ஒரு டக். நிமிஷத்துக்கு 78 என்றால் பாட்டு முடிவதற்குள் இருநூற்றுச் சொச்சம். சின்ன வயதில் அது தாளத்தில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். முதலாமாண்டில் செல்போனில் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். குரல் இருந்தது, டக் இல்லை. அது வேறு யாருடைய தட்டிலிருந்தோ எடுத்தது. விடுதி மாடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த ஆண்டு எங்கள் குழு செய்முறைத் திட்டமாக ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் செய்தோம். சால்டரிங் இரண்டு இடத்தில் சொதப்பி, ஐ.சி. ஒன்று புகைந்து, மூன்றாவது தடவை ஓடியது. லேபில் எல்லோரும் குத்துப் பாட்டு போட்டுச் சோதிக்க, நான் கிட்டப்பாவைப் போட்டேன். லேப் உதவியாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் பாட்டு முடியும்வரை வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

பொங்கல் லீவுக்கு அந்த ஆம்ப்ளிபயரை ஊருக்கு எடுத்துப் போய்த் திண்ணையில் வைத்துத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். சுண்டுவிரல் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது, அந்த டக் வர வேண்டிய இடத்தில். முடிந்ததும் இது நம்ம பிளேட் இல்லடா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைப் பற்றி மேலே ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்து, எந்தத் திருகு எதுக்கு என்று கேட்டார். பேஸ் ரொம்ப ஏறிக் கிடக்கு, கிட்டப்பாவுக்கு அது வேண்டாம், குழாயில கேட்கிற மாதிரி வை என்று சொல்லி அவரே திருகினார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.